மச்சி, தலைக்கு எவ்வளவு?

எல்லா நண்பர் கூட்டத்திலும் ஒருத்தன் இருப்பான். பர்கர் கடைக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் எல்லோரும் மெனு போர்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, அவன் மட்டும் மொபைலைத் தடவிக்கொண்டு நிற்பான். "உனக்கு என்னடா சொல்ல?" என்று கேட்டால், "எனக்குப் பசி இல்லை மச்சி, நீங்க சாப்பிடுங்க" என்பான்.

காலையில் ஏழரைக்கு வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் படியில் தொங்கிக்கொண்டு காலேஜுக்கு வந்தவன். மதியம் டிபன் பாக்ஸில் லெமன் சாதம். அதிலும் பாதியை இதே கூட்டம்தான் பிடுங்கித் தின்றது. சாயங்காலம் ஐந்து மணிக்கு இருபது வயசுப் பையனுக்குப் பசி இல்லையாம்! இதைக் கேட்டு, "ஓ, சரிடா" என்று நம்பிவிட்டு ஆர்டர் கொடுக்கப் போகிற ஐந்து பேரும் பி.காம் படிக்கிறவர்கள். காஸ்ட் அக்கவுண்டிங்கில் எண்பது மார்க் வாங்கியவர்கள். அங்கேதான் சிரிப்பு வருகிறது.

அவனுக்குப் பசி இருக்கிறது. பர்கரும் பிடிக்கும். எழுபது ரூபாய் கூடப் பையில் இருக்கும். அவன் பயப்படுவது பர்கரின் விலைக்கு இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸப் குரூப்பில் வந்து விழப்போகும் அந்த ஒரு வரிக்குத்தான்: "தலைக்கு 245, ஜிபே பண்ணிடுங்க பசங்களா".

வாலாஜாபாத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. செங்கல்பட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவில், பாலாற்றங்கரையில், ரயில் நிற்கும் ஒரு சின்ன ஊர். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். (அந்த நவாப் எதற்குப் பெயர் போனவர் என்றால், கடனுக்கு! அவர் கம்பெனிக்காரர்களிடம் வாங்கிக் குவித்த கடனைப் பற்றி லண்டன் பார்லிமெண்டில் எட்மண்ட் பர்க் 1785-ல் ஒரு முழு நீளப் பேச்சே பேசியிருக்கிறார்.) காஞ்சிபுரம் போகிற ரோட்டில் முத்தியால்பேட்டை, அய்யம்பேட்டை என்று தறி ஓடும் ஊர்கள். எதிர்ப்பக்கம் வண்டலூர் போகிற ரோட்டில் ஒரகடம், கார் கம்பெனிகள், லாரி கம்பெனிகள், விடியற்காலையில் வரிசையாகப் போகும் கம்பெனி பஸ்கள்.

இதனால் இந்தப் பக்கத்துக் காலேஜ் வகுப்பு ஒன்றில் என்ன நடக்கிறது என்றால், ஒரே பெஞ்சில் மூன்று விதமான வீடு உட்கார்ந்திருக்கிறது. ரோட்டோர நிலத்தை நல்ல விலைக்கு விற்றவர் பிள்ளை. கம்பெனியில் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர் பிள்ளை. தறிக்காரர் பிள்ளை. மூன்று பேர் கழுத்திலும் தொங்குவது ஒரே ஐடி கார்டு. மொபைல் கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான், இஎம்ஐ புண்ணியத்தில். வித்தியாசம் தெரிகிற ஒரே இடம் பில் வருகிற இடம்.

தறி வீட்டில் காசு எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இது இன்னும் நன்றாகப் புரியும். மாதச் சம்பளம் கிடையாது. பாவு பிடித்து, நெய்து, தறியிலிருந்து சேலையை அறுத்துக் கொண்டுபோய் சொசைட்டியிலோ முதலாளியிடமோ கொடுத்தால்தான் கூலி. ஒரு பட்டுச் சேலை முடிய வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். அதிலும் கோர்வைச் சேலை என்றால் ஒரு ஆள் போதாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால், அந்தப் பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். அது பெரும்பாலும் வீட்டு ஆளாகத்தான் இருக்கும். அதாவது பர்கர் கடையில் "பசி இல்லை" என்று சொல்லும் பையன், முந்தின ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தறியில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளியிருக்கலாம். சேலை அறுக்கிற வாரம் அவன் கையில் காசு இருக்கும். அறுக்காத வாரம் பஸ் பாஸ் மட்டும்தான் இருக்கும். நண்பனின் பிறந்தநாள் இதைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை!

சரி, அந்த 245 ரூபாய் எப்படி வந்தது? ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆறு பேர். தறி வீட்டுப் பையன் மற்றவர்களின் வற்புறுத்தலுக்காக இருப்பதிலேயே சின்ன உருளைக்கிழங்கு பர்கர் ஒன்றைச் சொல்கிறான், 70 ரூபாய். ஒரு பெண் 150 ரூபாய்க்கு ஒரு பர்கர், அதோடு சரி. மூன்று பேர் சிக்கன் பர்கர், ஃப்ரைஸ், கோலா சேர்ந்த மீல், தலா 280. கடைசி ஆள் 190 ரூபாய் பர்கரும் 150 ரூபாய் மில்க் ஷேக்கும். கூட்டினால் 1400. ஜிஎஸ்டி 5 சதவீதம், 70 ரூபாய். ஆக மொத்தம் 1470. ஆறால் வகுத்தால் 245.

இப்போது பற்று வரவு எழுதிப் பாருங்கள். பையன் சாப்பிட்டது வரியோடு 73 ரூபாய் 50 காசு. கொடுப்பது 245. நஷ்டம் 171.50. அந்தப் பெண் சாப்பிட்டது 157.50, நஷ்டம் 87.50. மீல் சாப்பிட்ட மூன்று பேருக்கும் தலா 49 ரூபாய் லாபம். மில்க் ஷேக் பார்ட்டிக்கு 112 ரூபாய் லாபம். கூட்டிப் பாருங்கள், இந்தப் பக்கம் 259, அந்தப் பக்கம் 259. டேலி ஆகிறது!

அதாவது அங்கே இருப்பதிலேயே குறைவாகப் பணம் வைத்திருப்பவன் மற்றவனுடைய மில்க் ஷேக்குக்கு மானியம் கொடுக்கிறான். இதைத்தான் ஊரில் "சமமாப் போட்டுக்கலாம் மச்சி" என்கிறார்கள்.

இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் வேடிக்கை. கவுண்டரில் நிற்கிற பெண், "இன்னும் 60 ரூபாய் போட்டா மீல் ஆக்கிக்கலாம், பண்ணிடவா?" என்று கேட்கிறார். தனியாக வந்திருந்தால் அந்தப் பையன் யோசிப்பான், வேண்டாம் என்பான். ஆறு பேர் கூட்டத்தில், பில் சமமாகப் பிரியும் என்று தெரிந்தால், அந்த 60 ரூபாயில் அவன் பையிலிருந்து போவது பத்தே ரூபாய். பத்து ரூபாய்க்கு ஃப்ரைஸும் கோலாவுமா, போடு! ஆறு பேரும் இப்படியே நினைத்தால் ஆறு மீல் வரும், ஒவ்வொருத்தனும் முழு 60 ரூபாயைக் கொடுத்திருப்பான். யாருக்கும் மிச்சம் இல்லை, கடைக்காரருக்குத் தவிர.

இதற்குப் பொருளாதாரத்தில் பெயரே இருக்கிறது. 1994-ல் கிளான்ஸ், ஹூபர்மன் என்ற இருவர் சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில் இதை ஓட்டல் மேசைச் சிக்கலாகவே எழுதினார்கள். பத்து வருஷம் கழித்து, 2004-ல், நீசி, ஹருவி, யாஃபே என்ற மூன்று பேர் நிஜமாகவே ஆட்களை ஓட்டலுக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதித்து, தி எகனாமிக் ஜர்னலில் வெளியிட்டார்கள். இடம் இஸ்ரேலில் ஹைஃபா. ஆறு ஆறு பேராக மாணவர்களை உட்கார வைத்தார்கள். சில மேசைகளில் அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் காசு. சில மேசைகளில் மொத்த பில்லை ஆறாகப் பிரிப்பது. சில மேசைகளில் எல்லாம் ஓசி. தனித்தனியாகக் கொடுத்தவர்கள் சராசரியாக 37 ஷெக்கலுக்குச் சாப்பிட்டார்கள். சமமாகப் பிரித்தவர்கள் 51 ஷெக்கலுக்கு. ஓசி மேசையில் 82! (ஓசி என்றால் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.)

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் உங்களுக்கு எது விருப்பம் என்று கேட்டபோது, 100-க்கு 80 பேர் தனித்தனியாகக் கொடுப்பதைத்தான் விரும்புகிறோம் என்றார்கள். ஆக, பெரும்பாலோருக்குப் பிடிக்காத ஒரு முறை, மற்ற எல்லோருக்கும் அது பிடித்திருக்கிறது என்ற நினைப்பினாலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். உங்கள் குரூப்பில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

உடனே ஒரு வசனம் வரும். "நட்புக்குள்ள என்னடா கணக்கு?" சினிமாவில் கேட்டால் விசில் அடிக்கலாம். ஆனால் இதைச் சொல்கிற வாய் எப்போதும் மில்க் ஷேக் குடித்த வாயாகவே இருப்பது எப்படி? 70 ரூபாய் பர்கர் சாப்பிட்டவன் இதைச் சொல்லி யாராவது கேட்டிருக்கிறீர்களா? கணக்கே பார்க்காத கூட்டம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. ஒருத்தன் மட்டும் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான்.

மேலும், உறவுக்குள் கணக்குப் பார்ப்பது அசிங்கம் என்று தமிழன் எப்போது நினைத்தான்? கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு, நோட்டுப் புத்தகம் வைத்து, சத்தமாகப் பெயர் சொல்லி மொய் எழுதுகிற ஜனம் இது. மாமன் 5001, பங்காளி 501 என்று பைசா சுத்தமாக எழுதி, பீரோவில் பூட்டி வைத்து, அடுத்த விசேஷத்துக்கு எடுத்துப் பார்த்துத் திருப்பிச் செய்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கமும், தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணி பக்கமும் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து என்றே தனியாகக் கறி விருந்து போட்டுப் பணம் திரட்டுகிறார்கள். அதில் ஒரு ரூபாய் மறந்தாலும் உறவு போய்விடும். உறவு நிற்பதே அந்த நோட்டில்தான் என்று கூடச் சொல்லலாம். அந்த நோட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஏசி கடைக்குள் போனதும் "கணக்கா, சேச்சே" என்பது கொஞ்சம் ஓவர்.

பஜ்ஜிக்கும் பர்கருக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும். டீக்கடையில் ஒரு தட்டு பஜ்ஜி வாங்கினால் ஆறு கை உள்ளே போகும். யார் எவ்வளவு தின்றார்கள் என்று ஆண்டவனுக்கே தெரியாது. இரண்டு டீயை மூன்று கிளாஸில் ஊற்றித் தரச் சொல்லலாம், கடைக்காரர் முறைத்துக்கொண்டே ஊற்றுவார். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவில் இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் போட்டு, மூங்கில் குடலையில் மந்தார இலை வைத்து, முழ நீளத்துக்கு அவிக்கிறார்கள். அதை யாரும் முழுசாக ஒரு ஆளுக்குத் தருவதில்லை, அறுத்துத் துண்டு போட்டுத்தான் தருவார்கள். அது பங்கு போடுவதற்கென்றே செய்த பண்டம். பங்கு போட்டுத் தின்பதற்குப் பங்கு போட்டுக் காசு கொடுப்பது ரொம்ப நியாயம்.

பர்கர் அப்படி இல்லை. அது ஒரு ஆளுக்கு, ஒரு காகிதத்தில் சுற்றி, ஒரு பெயர் போட்ட பண்டம். பாதியாகப் பிய்த்தால் சாஸ் ஒரு பக்கம், வெங்காயம் ஒரு பக்கம், மானம் ஒரு பக்கம் போய்விடும். யார் எதைத் தின்றார் என்பதில் சந்தேகமே வராத உணவு அது. பிரிக்க முடியாததைத் தின்றுவிட்டு பில்லை மட்டும் பிரிப்பது எந்த ஊர் நியாயம்?

பழைய ஓட்டல்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. எந்தச் சாதாரண டிபன் ஓட்டலிலும் சப்ளையர் பில் எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: "பில் ஒண்ணாவா, தனித்தனியா?" அவ்வளவுதான். கேட்பவர் நண்பர் இல்லை, அதனால் பதில் சொல்ல வெட்கம் இல்லை. ஜெர்மனியில் கூட ஓட்டல்களில் இதே கேள்வியை மேசையில் கேட்பது வழக்கம், அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. பர்கர் கடையில் சப்ளையர் கிடையாது, கவுண்டர்தான். இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லாமல் போனது அங்கேதான். எல்லோருக்கும் சேர்த்து ஒருத்தன் போய் நிற்கிறான், ஒருத்தன் ஸ்கேன் பண்ணுகிறான், மிச்சம் குரூப்பில். 2016-ல் யுபிஐ வந்தபோது சில்லறைப் பிரச்சினை ஒழிந்தது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். 73 ரூபாய் 50 காசைக் காசு சுத்தமாகக் கொடுக்க முடிகிற வசதி அது. அதை வைத்துக்கொண்டு 1470-ஐ ஆறால் வகுக்கிறார்கள்!

"அவ்வளவு கஷ்டம்னா பர்கர் கடைக்கு ஏன் வரணும், டீக்கடைக்கே போகலாமே" என்று பெரியவர்கள் கேட்கலாம். சின்ன ஊரில் படித்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் வகுப்புப் பெண்களும் பையன்களும் சேர்ந்து பத்து நிமிஷம் நின்றால், பதினோராவது நிமிஷம் வீட்டுக்குத் தகவல் போய்விடும். பர்கர் கடையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் சோபாவில் உட்கார்ந்து அரியர் பேப்பரிலிருந்து கேம்பஸ் இன்டர்வியூ வரை பேசலாம். அங்கே விற்பது பர்கர் மட்டும் இல்லை, உட்காரும் இடமும்தான். மெக்டொனால்ட்ஸ் 1996 அக்டோபரில் டெல்லி வசந்த் விஹாரில் இந்தியாவின் முதல் கடையைத் திறந்தது. அப்புறம் ஆலு டிக்கி கொண்டுவந்தது, 2004-ல் 20 ரூபாய் மெனு போட்டது எல்லாமே பையில் காசு குறைந்தவர்களையும் அந்த நாற்காலியில் உட்கார வைக்கத்தான். ஒரு பன்னாட்டுக் கம்பெனிக்கு, சின்ன பர்கர் மட்டும் வாங்குகிறவனும் வாடிக்கையாளர்தான் என்று புரிந்திருக்கிறது. கூட வந்த நண்பர்களுக்குத்தான் புரியவில்லை.

இன்னொரு தீர்வு சொல்வார்கள். "அவனுக்கு நான் போட்டுடறேன்." நல்ல மனசுதான், சந்தேகமில்லை. முதல் தடவை அது அன்பு. இரண்டாம் தடவை பழக்கம். மூன்றாம் தடவை யாராவது ஒருத்தன் சிரித்துக்கொண்டே, "சாருக்கு யாரு இன்னைக்கு ஸ்பான்சர்?" என்பான். அன்றிலிருந்து பசி இல்லாமல் போகும். அவன் கேட்பது தானம் இல்லை. தன் 73.50-ஐத் தானே கொடுக்கும் உரிமை.

ட்ரீட் விஷயம் இதைவிட மோசம். பிறந்தநாள் வந்தால் வந்தவர்கள் அத்தனை பேருக்கும் பிறந்தநாள்காரன் செலவு. ஐந்து ட்ரீட்டுக்குப் போனவன் ஆறாவது ட்ரீட் வைத்தாக வேண்டும். மொய்க்காவது நோட்டு உண்டு, எவ்வளவு வந்ததோ அதைச் சுற்றித்தான் திருப்பிச் செய்வார்கள். இதற்கு நோட்டும் கிடையாது, வரம்பும் கிடையாது. அதனால் சில பேர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? தன் பிறந்தநாளையே மறைக்கிறார்கள். ஃபேஸ்புக்கில் தேதியை எடுத்துவிடுகிறார்கள். அன்றைக்குக் காய்ச்சல் என்று லீவு போடுகிறார்கள். பிறந்த நாளில் வீட்டில் ஒளிந்துகொள்ள வைக்கிற நட்பு என்ன நட்போ! ட்ரீட்டைத் திருப்பிப் போட்டால் என்ன? மற்ற ஐந்து பேர் சேர்ந்து பிறந்தநாள்காரனுக்கு ஒரு பர்கர் வாங்கித் தந்தால், 150 ரூபாய் பர்கருக்குத் தலைக்கு 30 ரூபாய். அவனும் அன்றைக்குக் காலேஜுக்கு வருவான்.

பில்லைப் பற்றிக் கடைசியாகக் கொஞ்சம் பாடப் புத்தகம். ஓட்டல் சாப்பாட்டுக்கு 2017 நவம்பர் 15-லிருந்து ஜிஎஸ்டி 5 சதவீதம், மத்திய அரசுக்கு இரண்டரை, மாநிலத்துக்கு இரண்டரை. (பெரிய ஸ்டார் ஓட்டல் வளாகக் கணக்கு வேறு, அங்கே போகிறவர்கள் இதைப் படிக்கப் போவதில்லை.) காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடை, வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி என்று தனியாக வாங்கவே கூடாது, அதைக் கடைக்காரர்தான் கட்ட வேண்டும். சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறி வெளியிட்டது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எனவே தனித்தனியாகப் பிரிப்பது ஒன்றும் பெரிய ஆடிட்டர் வேலை இல்லை. சாப்பிட்டதன் விலை, அதில் நூற்றுக்கு ஐந்து. பி.காம் காரர்களுக்குக் கால்குலேட்டர் கூடத் தேவையில்லை.

ஃப்ரைஸை நடுவில் கொட்டி எல்லோரும் எடுத்தால் அதை மட்டும் ஆறாகப் பிரித்துக்கொள்ளலாம், அது பஜ்ஜிக் கணக்கு. மற்றதெல்லாம் தனி. யார் ஆரம்பிப்பது என்பதுதான் பிரச்சினை. காசு குறைந்தவன் "தனித்தனியா போட்டுக்கலாமா" என்று கேட்டால் அது அவன் வீட்டு நிலவரத்தைக் கடை நடுவில் அறிவித்த மாதிரி. மில்க் ஷேக் குடிப்பவன் கேட்டால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. ஆகவே கேட்க வேண்டியவன் அவன்தான்.

அல்லது கேட்கவே வேண்டாம். அடுத்த தடவை கடைக்குள் போனதும் ஒருத்தனே ஓடிப்போய் கவுண்டரில் நிற்காதீர்கள். ஆறு பேரும் வரிசையில் நில்லுங்கள், வாலாஜாபாத் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி அவனை முதலில் விடுங்கள். ஒரு ஆலு பர்கர், 73 ரூபாய் 50 காசு. அவனே ஸ்கேன் பண்ணிக்கொள்வான்.